ஆர்.சி. கார் பெட்டியில் இருக்கும் அந்த 'இ.எஸ்.சி.'

போன மாதம் ஒருவர் முன்பக்கம் நொறுங்கிய ஆர்.சி. கார் (ரிமோட்டில் ஓட்டும் பொம்மைக் கார்) ஒன்றை என் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தார். பையனுக்கு வாங்கியது. "இ.எஸ்.சி. இருக்குன்னு பெட்டியிலயே போட்டிருக்கே சார், அப்புறம் எப்படிச் சுத்துச்சு?"

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் ஓட்டும் நிஜக் காரில் அந்த மூன்றெழுத்து எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், அதாவது கார் வழுக்கிச் சுழலாமல் பார்க்கும் வசதி. பொம்மைக் காரில் எலக்ட்ரானிக் ஸ்பீட் கன்ட்ரோலர். மோட்டாருக்கு எவ்வளவு கரன்ட் போகணும் என்று பார்க்கும் பெட்டி, அவ்வளவுதான்.

நிஜக் காருக்கு 1995-இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் கூபேயில் பாஷ் கம்பெனி கொண்டுவந்த அந்த முறை, நான்கில் எந்தச் சக்கரம் வேண்டுமோ அதை மட்டும் பிரேக் பிடிக்கும். நம் ஆர்.சி. காரில் பெரும்பாலும் ஒரே மோட்டார், முன்சக்கரத்தைத் திருப்பும் குட்டி மோட்டாரான ஸ்டீயரிங் சர்வோ ஒன்று. இதில் சுழலாமல் பார்க்கும் வசதி டிராக்சாஸ் கம்பெனியின் டி.எஸ்.எம்., ஸ்பெக்ட்ரம் கம்பெனியின் ஏ.வி.சி. என்று எந்தப் பெயரில் வந்தாலும், அடிப்படை கார் திரும்புவதை உணரும் கைரோ சென்சார்தான். நீங்கள் திருப்பாமலே கார் திரும்பினால், எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கை ஒடிக்கும். ஏ.வி.சி. த்ராட்டிலையும் (வேகம் கொடுப்பதையும்) கொஞ்சம் அடக்கும்.

தனியாக வாங்கிப் பொருத்தும் கைரோக்கள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன. ஓட்டுவதற்கு முன் காரைப் பிடித்து மூக்கைச் சட்டென்று இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள். முன்சக்கரங்கள் வலப்பக்கம் போக வேண்டும். அவையும் இடப்பக்கமே போனால் கைரோவின் திசையை மாற்றுங்கள். இல்லையென்றால் முதல் திருப்பத்திலேயே பம்பரம்தான். ஆன் செய்ததும் சில நொடிகள் கார் அசையக் கூடாது. கையில் ஆட்டிக்கொண்டே ஆன் செய்துவிட்டு "ஒரு பக்கமா இழுக்குது" என்று வருபவர்கள் உண்டு. நேராக ஓடும்போது முன்சக்கரம் படபடவென்று ஆடினால் கெயின், அதாவது கைரோ எவ்வளவு பலமாகத் திருத்துகிறது என்ற அளவு, அதிகம்; குறையுங்கள். அப்படியே விட்டால் சர்வோ சூடேறி, அதன் கியர் பல் போய்விடும்.

இன்னொன்று, ரிவர்ஸ். பின்னால் போகும்போது ஸ்டீயரிங்கின் விளைவு தலைகீழ். ரிசீவருக்கும் (காரில் ரிமோட் சிக்னலை வாங்கும் பெட்டி) சர்வோவுக்கும் நடுவில் மட்டும் செருகும் மலிவான கைரோவுக்கு அது தெரியாது. காப்பாற்றுவதாக நினைத்து இன்னும் சுழற்றிவிடும்.

ஸ்டார்ட்டிலேயே சக்கரம் வழுக்குகிறதா? கைரோவைத் தேடாதீர்கள். ஸ்பீட் கன்ட்ரோலரில் 'பஞ்ச்' அளவை (கிளம்பும்போது பாயும் வேகத்தை) குறையுங்கள், டயரைப் பாருங்கள். தார் ரோட்டில் தேய்ந்த டயரோடு மணலில் ஓட்டுபவருக்கு எந்த எலக்ட்ரானிக்ஸும் பிடிப்பை வரவழைத்துத் தராது. அமெரிக்க ஆர்.சி. பந்தய அமைப்பான ரோர், போட்டிகளில் கைரோ போன்ற உதவிகளை அனுமதிப்பதில்லை. பின்சக்கரத்தில் மட்டும் ஓடும் காரை வேண்டுமென்றே வழுக்கவிட்டு ஓட்டும் டிரிஃப்ட்காரர்கள் கதை வேறு. கைரோ இல்லாமல் அங்கே ஓட்டுபவர் அபூர்வம்.

நான் பயப்படுவது வேகத்துக்கு. இரண்டரை கிலோ கார் 80 கி.மீ. வேகத்தில் மோதுவது, அதை 25 மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். காலில் பட்டால் எலும்பு உடையலாம். நல்ல பிடிப்புள்ள ரோட்டிலும் நிற்க 35 மீட்டருக்கு மேல் ஆகும். மணல் படிந்திருந்தால் இன்னும் கூடும். கைரோ இந்தத் தூரத்தைக் குறைப்பதில்லை. காரை நேராக வைத்திருக்கும், நேராகவே கொண்டுபோய் மோதும்.

முதலில் சொன்னவருடைய காருக்கு முன்சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம் இரண்டும் மாற்றினேன். பஞ்சைக் குறைத்து, ரிமோட்டில் த்ராட்டிலைப் பாதியாக்கிக் கொடுத்தேன். பையன் 'ஸ்லோவா இருக்கு' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டானாம். கடையைத் திட்டட்டும், பரவாயில்லை.