படபடப்பு நின்றுவிட்டதா? மாத்திரையை நிறுத்தாதீர்கள்

போன வாரம் மறுபடியும் ஒருவர். 68 வயது, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். காலையில் பல் துலக்கப் போனவர் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றிருக்கிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. எங்களிடம் வந்தபோது வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஸ்கேனில் மூளையின் இடது பக்கத்தில் பெரிய அடைப்பு.

இவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பது பழைய ஃபைலிலேயே இருந்தது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை அது. நாங்கள் சுருக்கமாக ஏ.எஃப். என்போம். சீரற்ற இதயத்துடிப்புகளில் அடிக்கடி பார்ப்பதும், அடிக்கடி ஆளைச் சாய்ப்பதும் இதுதான். அவருக்கு இரண்டு மாத்திரைகள் எழுதப்பட்டிருந்தன. துடிப்பின் வேகத்தைக் குறைக்க மெட்டோப்ரோலால், ரத்தம் உறையாமல் இருக்க அபிக்ஸபான். மகளிடம் கேட்டேன். "ஆறு மாசமா படபடப்பே இல்லை டாக்டர். அதான் அந்த விலை ஜாஸ்தி மாத்திரை எதுக்குன்னு அப்பா நிறுத்திட்டாரு. மத்ததை விடாம போட்டுட்டுதான் இருந்தாரு."

எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் இல்லை. இந்த விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் ஊர் காதில் ஏறவில்லையே என்றுதான். ஆகவே ஒரு முறை விலாவாரியாக எழுதிவிடுகிறேன்.

ஏ.எஃப். உள்ளவருக்கு நாங்கள் கொடுக்கும் மருந்துகள் இரண்டு வகை. ஒன்று நீங்கள் உணர்கிற தொல்லைக்கு: படபடப்பு, மூச்சு வாங்குதல், மாடி ஏறினால் தள்ளாட்டம். இதைப் போட்டால் நன்றாக இருக்கிறது, விட்டால் தெரிந்துவிடுகிறது. அதனால் யாரும் விடுவதில்லை. இன்னொன்று நீங்கள் உணரவே முடியாத ஆபத்துக்கு. மேலறை சரியாகச் சுருங்காததால், முக்கியமாக இடது மேலறையின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பையில், ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி கிளம்பினால் நேராக மூளைக்குப் போகலாம். உறைவதைத் தடுக்கும் மாத்திரையைப் போட்டாலும் உடம்பில் வித்தியாசம் தெரியாது, நிறுத்தினாலும் தெரியாது. 10 நாள் நிறுத்திப் பார்த்துவிட்டு "ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவர்கள் உண்டு. 10 நாளில் ஒன்றும் ஆகாமல் போகலாம். 11ஆம் நாளுக்கு அது உத்தரவாதம் இல்லை.

ஏ.எஃப். இருப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு. அதனால் வரும் பக்கவாதம் பெரும்பாலும் பெரிதாகவும் இருக்கும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் பழைய மருந்தான வார்ஃபரினை முறையாகப் போட்டால் அந்த வாய்ப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது. ஒரு மாத்திரையிடம் இதைவிட என்ன எதிர்பார்ப்பது?

"துடிப்பே சீராகிவிட்டது, ஈ.சி.ஜி.யிலும் நார்மல் என்றார்களே, இன்னும் எதற்கு?" இது அடுத்த கேள்வி, படித்தவர்கள் கேட்பது. ஏ.எஃப். வந்து வந்து போகும். தூங்கும்போது வந்து விடியுமுன் போயிருக்கும். பலருக்குப் படபடப்பே இல்லாமலும் வரும். 2002இல் வெளிவந்த அஃபர்ம் என்ற பெரிய ஆய்வில் 4,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். துடிப்பைச் சீராக்கும் சிகிச்சை ஒரு பிரிவுக்கு, வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவது மற்றதற்கு. சீராக்கிய பிரிவிலும் பக்கவாதம் வரத்தான் செய்தது. யாருக்கு வந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் வார்ஃபரினை நிறுத்தியவர்களுக்கும், அளவு போதாமல் போட்டவர்களுக்கும்தான். ஷாக் கொடுத்துச் சரிசெய்தவர்கள், இதயத்துக்குள் குழாய் விட்டுக் கோளாறான இடத்தைச் செயலிழக்க வைக்கும் அப்லேஷன் செய்துகொண்டவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். மாத்திரையைத் தொடர்வதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது இன்றைய ஈ.சி.ஜி. இல்லை. உங்கள் வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் பலவீனமா, முன்பு பக்கவாதம் வந்ததா, இவைதான் முடிவு செய்கின்றன. இதற்கு ஒரு மதிப்பெண் கணக்கு இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் "என் ஸ்கோர் எவ்வளவு?" என்று தாராளமாகக் கேளுங்கள். ஸ்கோர் குறைவாக இருக்கும் இளவயதுக்காரர்கள் சிலருக்கு இந்த மாத்திரை தேவையே இல்லை. அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் இன்னொரு யோசனை ஆஸ்பிரின். "அதுவும் ரத்தத்துக்குத்தானே, ரெண்டு ரூபாய்தானே." ஏ.எஃப்.இல் ஆஸ்பிரின் செய்வது மிகக் குறைவு. ரத்தக்கசிவிலாவது பாதுகாப்பா என்றால் அதுவும் இல்லை. வார்ஃபரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அபிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்டு 2011இல் ஒரு ஆய்வு வந்தது. பெரிய ரத்தக்கசிவு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான், பக்கவாதம் அபிக்ஸபான் எடுத்தவர்களிடம் பாதிக்கும் கீழே. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அபிக்ஸபான் போன்ற புது மாத்திரைகளைப் பல கம்பெனிகள் தயாரிக்கின்றன, விலை முன்புபோல் இல்லை. அதுவும் முடியாவிட்டால் வார்ஃபரினும் அதே வகையைச் சேர்ந்த அசிட்ரோமும் இருக்கின்றன. சொல்லாமல் நிறுத்துவதுதான் எங்களால் ஒன்றும் செய்ய முடியாத விஷயம்.

புது மாத்திரை எல்லாருக்கும் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம் ஊரில் இன்னும் நிறைய. அவர்களுக்கும், உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம்தான். "புதுசா வந்திருக்காமே, அதை எழுதுங்க டாக்டர்" என்று அடம்பிடிக்காதீர்கள். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் இந்த மாத்திரைகளில் எதைப் போட்டாலும் முன்கூட்டியே வந்து பேசுங்கள். இது கெஞ்சல்.

வார்ஃபரின், அசிட்ரோம் போடுகிறவர்களுக்கு ஐ.என்.ஆர். பரிசோதனை, அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. ஏ.எஃப்.க்குப் பொதுவாக 2 முதல் 3க்குள் இருக்க வேண்டும். வால்வு மாற்றியவர்களுக்கு இலக்கு வேறாக இருக்கலாம். உடனே கீரைப் பஞ்சாயத்து ஆரம்பிக்கும். கீரையில் வைட்டமின் கே இருப்பது உண்மை, அது இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்வதும் உண்மை. அதற்காகக் கீரையே கண்ணில் படக்கூடாது என்று யார் சொன்னது? வாரத்துக்கு இரண்டு நாள் முருங்கைக்கீரை சாப்பிடுகிறவர் அப்படியே சாப்பிடட்டும், மருந்தின் அளவை நாங்கள் அதற்கேற்ப வைத்துக்கொள்கிறோம். ஒரு மாதம் பத்தியம் இருந்துவிட்டு அடுத்த மாதம் தினமும் கீரை என்பதுதான் சிக்கல். அபிக்ஸபான், ரிவரோக்ஸபான், டாபிகட்ரான் போடுகிறவர்களுக்குக் கீரைக் கட்டுப்பாடே இல்லை. அவர்களையும் வீட்டில் கீரை இல்லாமல் வாட்டுகிறார்கள்.

கீரையைவிடப் பயப்பட வேண்டியவை வேறு. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்லோஃபினாக், ஐபுப்ரோஃபென். பேர் தெரியாத சூரணங்கள். வார்ஃபரினோடு மெட்ரோனிடசோல், ஃப்ளூகோனசோல் போன்றவை சேர்ந்தால் ஐ.என்.ஆர். எகிறும். அப்புறம் நம் ஊரின் நிரந்தர வியாதியான "ஒரு ஊசி போட்டு விடுங்க". ரத்தம் உறையாத மாத்திரை போடுகிறவருக்கு இடுப்பில் ஊசி குத்தினால் சதைக்குள் ரத்தம் கட்டி இடுப்பே வீங்கிவிடும். அப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரணக் காய்ச்சலுக்குப் போனாலும் முதல் வாக்கியமாக இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

புது மாத்திரைகளில் ஒரு வேளை தவறினாலும் பாதுகாப்பு சீக்கிரமே இறங்கும். அபிக்ஸபானும் டாபிகட்ரானும் காலை, மாலை இரு வேளை. ரிவரோக்ஸபான் 15, 20 மில்லிகிராம் சாப்பாட்டோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் சரியாக உட்கிரகிக்காது. டாபிகட்ரான் கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது சிறுநீரகப் பரிசோதனை, வயதானவர்களுக்கு இன்னும் அடிக்கடி.

சரி, படபடப்புக்கு வருவோம். படபடப்பெல்லாம் ஏ.எஃப். இல்லை. இடையில் ஒரு துடிப்பு தவறி, அடுத்தது 'தொம்'மென்று அடிப்பதுபோல் இருப்பது பெரும்பாலும் எக்டோபிக் துடிப்பு. இதயம் மற்றபடி நன்றாக இருந்தால் பொதுவாக அதற்குப் பயப்பட வேண்டாம். ரத்தசோகை, தைராய்டு அதிகம், பதற்றம் எல்லாமே படபடப்பு தரும். ஆனால் "வாயு" என்று நீங்களே முடிவு கட்டி சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். வந்து போன படபடப்புக்கு மறுநாள் ஈ.சி.ஜி. எடுப்பது திருடன் போன பிறகு வீட்டில் கேமரா மாட்டுவது மாதிரி. படபடப்பு இருக்கும்போதே பக்கத்தில் இருக்கும் எந்த ஆஸ்பத்திரியிலாவது ஒரு ஈ.சி.ஜி. எடுத்து, காகிதத்தைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெப்பத்தாள் சில மாதங்களில் வெளுத்துவிடும். அப்போதும் சிக்காவிட்டால் ஹோல்டர் என்ற சின்னக் கருவியை உடம்பில் பொருத்தி 24 மணி நேரமோ அதற்கு மேலோ பதிவு செய்வோம். வாட்ச் "சீரற்ற துடிப்பு" என்று எச்சரித்தால் அலட்சியம் வேண்டாம், அதை மட்டும் நம்பி மருந்தும் வேண்டாம்.

ஏ.எஃப். என்று உறுதியானவர்கள் நாடி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கும் கணக்கு சீரற்ற துடிப்புக்கு ஒத்துவராது. பி.பி. மிஷினும் ஒரு தடவைக்கு ஒன்று காட்டும், மூன்று முறை எடுத்து சராசரி பாருங்கள். ஓய்வில் இருக்கும்போது துடிப்பு 110க்குக் கீழே, தொல்லையும் இல்லை என்றால் பலருக்கு அதுவே போதும். 72க்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று மாத்திரையைக் கூட்டச் சொல்லாதீர்கள். 50க்குக் கீழே போய்த் தலைசுற்றினாலும் வாருங்கள். வேகத்தைக் குறைக்கும் இன்னொரு மருந்தான டிஜாக்சின் போடுகிறவர்களுக்குப் பசியே இல்லை, குமட்டல், பார்வை மஞ்சளாகத் தெரிகிறது என்றால் மருந்து அதிகமாகியிருக்கலாம்.

திடீரென்று படபடப்பு வந்தால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாலும், படியில் இருந்தாலும் நிறுத்தி உட்காருங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்ததற்கு மேல் இன்னொரு மாத்திரையை நீங்களே போடாதீர்கள். யூடியூபில் பார்த்துக் கழுத்து நரம்பை அமுக்குகிற வேலை வயதானவர்களுக்கு வேண்டவே வேண்டாம், கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால் விபரீதமாகும். மூச்சை அடக்கி முக்கும் பயிற்சி எஸ்.வி.டி. என்ற வேறு வகைக்கு உதவும், ஏ.எஃப்.ஐ நிறுத்தாது.

வாழ்க்கை முறை பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மது. "விசேஷத்துக்கு மட்டும்தான் டாக்டர்" என்கிற அந்த விசேஷத்துக்கு மறுநாள்தான் பலர் எங்களிடம் வருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், வழக்கமாகக் குடித்தவர்கள் குடியை விட்டபோது ஏ.எஃப். திரும்புவது தெளிவாகக் குறைந்தது. அடுத்தது உடல் எடை, அதோடு குறட்டை. உங்கள் மனைவி "ராத்திரி மூச்சே நின்னுடுது" என்று சொன்னால் அது குறை சொல்வது இல்லை, எங்களுக்கு வேண்டிய தகவல். தூக்கத்தில் மூச்சு நிற்பவருக்கு அதைச் சரிசெய்யாமல் துடிப்பை மட்டும் சரிசெய்ய முயல்வது கஷ்டம். காபியை விடச் சொல்லி யாராவது மிரட்டியிருந்தால், நாளுக்கு ஒன்றிரண்டு ஃபில்டர் காபி தாராளமாகக் குடிக்கலாம். குடித்தால் படபடக்கிறவர்கள் மட்டும் விடுங்கள். எனர்ஜி டிரிங்க் கேன்கள் வேறு கதை. நடைப்பயிற்சியைப் பயத்தில் நிறுத்த வேண்டியதில்லை.

பல் பிடுங்க, கண்புரை அறுவைக்கு என்று மாத்திரையை நீங்களாக ஒரு வாரம் நிறுத்தாதீர்கள். சாதாரணமாக ஒரு பல் எடுப்பதற்குப் பெரும்பாலும் நிறுத்தவே தேவையில்லை. தேவையென்றாலும் எத்தனை வேளை, எப்போது மறுபடி தொடங்குவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொன்னது ஞாபகமிருந்து, தொடங்கச் சொன்னது மறந்துபோனவர்கள் ஏராளம்.

படபடப்போடு நெஞ்சுவலி, மயக்கம், பேச முடியாத அளவு மூச்சுத்திணறல் வந்தால் உடனே 108. முகம் கோணல், ஒரு கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறல் என்றால் அதுவும் 108தான். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, படுக்கவைத்து, சாயங்காலம் வரை பார்ப்பது கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போடுவது, அறிகுறி தொடங்கிய நேரத்திலிருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான், சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரியில்தான். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார், ரத்தம் உறையாத மாத்திரையைக் கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்ற இரண்டு கேள்விகளை முதலிலேயே கேட்போம். ஊசி போடலாமா கூடாதா என்பது அதைப் பொறுத்தது. வரும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். "சின்னதா, வெள்ளையா இருக்கும் டாக்டர்" என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது.