ஷாபஸ் கோய்: பொருளும் பிறப்பும் தமிழ்ச் சொல்லும்

யூதர்கள் தங்கள் ஓய்வுநாளில் செய்யக்கூடாத வேலையை அவர்களுக்காகச் செய்துகொடுக்கும் யூதரல்லாதவர்தான் ஷாபஸ் கோய். விளக்கைப் போடுவது, அணைப்பது, கணப்பை மூட்டுவது எல்லாம் அந்த வேலையில் அடங்கும். பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், பணியாளாகவும் இருக்கலாம். சொல் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியிலிருந்து வந்தது. பெண்ணானால் ‘ஷாபஸ் கோயே’. இன்றைய எபிரேயத்தில் ‘கோய் ஷெல் ஷபாத்’ என்பார்கள்.

‘ஷாபஸ்’ என்பது, ஓய்வுநாளைக் குறிக்கும் ஷபாத் என்ற எபிரேயச் சொல்லின் இத்திஷ் ஒலிப்பு. வெள்ளி சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கி, சனி இரவு மூன்று நட்சத்திரங்கள் தெரியும்வரை நீளும் சுமார் 25 மணி நேரம்.

‘கோய்’தான் சிக்கலான பாதி. அதற்குக் ‘கால்நடை’ என்று பொருள் சொல்லி இணையத்தில் ஒரு கதை உலவுகிறது. அது பொய். எபிரேய வேதத்தில் கோய் என்றால் ஒரு மக்களினம், அவ்வளவுதான். ஆபிரகாமிடம் ‘உன்னைப் பெரிய ஜாதியாக்குவேன்’ என்று கடவுள் சொல்லும் இடத்திலும் (ஆதியாகமம் 12:2), இஸ்ரவேலரைப் ‘பரிசுத்த ஜாதி’ என்னும் இடத்திலும் (யாத்திராகமம் 19:6) மூலத்தில் இருப்பது இதே கோய்தான். யூதர்களையே குறித்த சொல் அது. ‘மற்ற இனங்கள்’ என்று பன்மையில் அடிக்கடி வந்து வந்து, பிற்காலத்தில் யூதரல்லாத தனி ஆளைக் குறிக்கலாயிற்று. இன்று அதன் மரியாதை தொனியைப் பொறுத்தது, ஏளனமாகவும் ஒலிக்கும். யூதச் சட்ட நூல்கள் ‘நோக்ரி’, அதாவது அந்நியர், என்ற சொல்லையும் ஆள்கின்றன.

ஓய்வுநாளில் விலக்கப்பட்ட வேலைகளை, யூதச் சட்டத்தின் பழைய தொகுப்பான மிஷ்னா, 39 வகையாகப் பிரிக்கிறது. நெருப்பு மூட்டுவதும் அணைப்பதும் அவற்றில் சேரும். யூதரல்லாதவருக்கு இந்தத் தடை கிடையாது. அப்படியானால் அவரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாமே என்று தோன்றும். கூடாது. ‘அந்நியரிடம் சொல்லுதல்’ என்ற பெயரிலேயே யூத மதகுருக்களான ரபிகள் அதைத் தடுத்திருக்கிறார்கள். வெளியார் பலருக்குத் தெரியாத விஷயம் இது: ஷாபஸ் கோய் என்பது சட்டம் விரித்துவைத்த வசதி அல்ல, தடைக்குள் விட்டிருக்கும் சில இடைவெளிகள். வீடு பற்றி எரிகையில் யூதரல்லாதவர் அணைக்க வந்தால், ‘அணை’ என்றும் சொல்லக்கூடாது, ‘அணைக்காதே’ என்றும் சொல்லக்கூடாது என்கிறது மிஷ்னா. அவர் தனக்காக ஏற்றிய விளக்கின் வெளிச்சத்தில் யூதர் இருக்கலாம். யூதருக்காக ஏற்றியதானால் கூடாது.

நடைமுறை இதிலிருந்துதான் கிளைக்கிறது. அடிக்கடி நடப்பது குளிர்பதனப் பெட்டி விவகாரம். வெள்ளிக்கிழமையே உள்ளிருக்கும் பல்பைக் கழற்ற மறந்துவிட்டால், மறுநாள் கதவைத் திறந்த கணம் விளக்கு எரியும். ஆகவே திறக்க முடியாது, சாப்பாடு உள்ளே. அண்டைவீட்டாரை அழைத்து, ‘குளிர்ச்சியாக ஏதாவது எடுத்துக் குடியுங்களேன்’ என்பார்கள். அவர் தனக்காகத் திறக்கிறார். ‘அந்த பல்ப் எரிவதால் எங்களால் திறக்க முடியவில்லை’ என்று நிலைமையை மட்டும் சொல்வார்கள், ‘கழற்றுங்கள்’ என்று சொல்லமாட்டார்கள். அவர் புரிந்துகொண்டு, மூடுவதற்குமுன் பல்பைத் தளர்த்திவிட வேண்டும். புரியாமல் பானத்தை மட்டும் குடித்துவிட்டுக் கதவைச் சாத்திப் போனால், சிக்கல் பழையபடியே நிற்கும். கும்மிருட்டான அறையில் விளக்குப் போடவைப்பது இதைவிடக் கடினம், ஏனென்றால் அந்த வெளிச்சம் நேரடிப் பயன். கண்ணை உறுத்தும் விளக்கை அணைக்க ஜாடை காட்டுவது எளிது, அதில் நீங்குவது ஒரு தொந்தரவுதான். ‘போன வாரம் இதை ஏன் செய்யவில்லை?’ என்று ஓய்வுநாள் முடிந்தபின் கேட்டு, அடுத்த வாரத்துக்குச் சேதி சொல்வதும் ஏற்கப்பட்ட வழி.

யூதர் குடியிருக்கும் தெருவுக்குப் புதிதாக வருகிறவர் இதை அறிந்திருப்பது நல்லது. அவர்கள் தொலைபேசியில் அழைக்கமாட்டார்கள். மின்மணியை அழுத்தாமல் கதவைத் தட்டுவார்கள். ‘எங்கள் வீடு இன்று ரொம்பச் சூடாக இருக்கிறது’ என்று தொடங்கினால் அது வானிலைப் பேச்சு அல்ல. உடனே காசு தரமாட்டார்கள், அன்று பணத்தைத் தொடுவதில்லை. கேக்கோ ரொட்டியோ தரலாம். பழைய நாளில் கிழக்கு ஐரோப்பாவில் சல்லா ரொட்டித் துண்டு ஒன்று கொடுப்பார்கள்.

குளிருக்கு விதி தளர்ந்தது. ‘குளிரின் முன் எல்லாரும் நோயாளிகளே’ என்ற கோட்பாட்டின்படி, கடுங்குளிரில் கணப்பை மூட்டும்படி யூதரல்லாதவரிடம் வாய்விட்டே சொல்லலாம் என்று யோசேப்பு காரோ 16ஆம் நூற்றாண்டில் தொகுத்த சட்டநூல் அனுமதிக்கிறது. போலந்துப் பனிக்காலத்தில் இந்த ஒரு வரி இல்லாமல் குழந்தைகளோடு குடும்பம் நடத்தியிருக்க முடியாது. உயிருக்கு ஆபத்து என்றாலோ ஷாபஸ் கோயைத் தேடி ஓடவே கூடாது. யூதரே ஓய்வுநாள் தடையை மீறி உதவி அழைக்க வேண்டும், அது கடமை.

அமெரிக்க நகரங்களில் கலந்து குடியிருந்த தெருக்களில் இது சிறுவர்களின் வேலையானது. பிற்பாடு அமெரிக்க வெளியுறவு அமைச்சரான காலின் பவல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலும், எல்விஸ் பிரெஸ்லி மெம்ஃபிஸில் மாடியில் குடியிருந்த ரபி குடும்பத்துக்கும் இப்படி விளக்குப் போட்டவர்கள். இப்போது மின்சாரத்தை நேரம் பார்த்துத் தானே இயக்கும் கருவியும், தளந்தோறும் தானே நிற்கும் மின்தூக்கியும் அந்த வேலையைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டன.

இனி தமிழ். வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வரும் ‘புறஜாதியார்’ அந்தக் காலத்தில் சரியான ஆக்கம்தான், ஜாதி அப்போது இனத்தையும் குறித்தது. இன்றைய காதில் சாதியாக விழுவதால் தவிர்க்கலாம். பிந்தைய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் ‘பிற இனத்தார்’ மேல். ‘ஓய்வுநாள் வேலைக்காரர்’ என்று சிலர் எழுதுவது குழப்பும்: பத்துக் கட்டளைகளில் நான்காவதே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் அன்று வேலை செய்யக்கூடாது என்கிறது. எங்கள் பரிந்துரை ‘ஓய்வுநாள் அயலார்’. அயலார் என்றால் பக்கத்து வீட்டாரும் உண்டு, வேற்றாரும் உண்டு. இரண்டும் இங்கே தேவை. முதல் இடத்தில் மட்டும் ஷாபஸ் கோய் என்று எழுதி, பிறகு இதை ஆளலாம். ஒருவர் தான் செய்யத் தயங்கும் காரியத்தைப் பிறரை வைத்து முடித்துக்கொள்வதைக் குத்திக்காட்டவும் இந்தச் சொல்லை ஆள்வதுண்டு. அந்த இடத்தில் அயலார் பொருந்தாது. ‘ஏவலாள்’ என்று எழுதுங்கள்.