டிஸ்லெக்சியா: படிப்பு ஏறாததா, வாசிப்பில் தடுமாறுவதா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, நான்காம் வகுப்புப் படிக்கும் மகனைக் காட்பாடிக்கு அழைத்து வந்திருந்தார். "இவனுக்குப் படிப்பே ஏறல டீச்சர். மத்ததெல்லாம் நல்லா செய்வான்" என்றார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டீச்சரம்மா புத்தகத்தை எடுக்கவில்லை. வீட்டில் தறி ஓடுகிறதா என்று கேட்டார். லுங்கித் தறி. அவ்வளவுதான், பையன் நிமிர்ந்துவிட்டான். தார் சுற்றுவது, பாவில் நூல் அறுந்தால் அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவது, கட்டம் போட்ட லுங்கிக்கு எந்த நிறம் எத்தனை இழை என்று பத்து நிமிடம் சொன்னான். அப்புறம் ஓர் அட்டையைக் காட்டினார். அதில் 'பால்' என்று எழுதியிருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு 'பரல்' என்றான். காலை 'ர' என்று எடுத்துக்கொண்டுவிட்டான். அடுத்த அட்டையில் 'கொடி'. முன்னால் நிற்கும் கொம்பிலேயே நின்றுவிட்டான்.

படிப்புக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும், அவர்களுடைய ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வட்டாரத்தில் உழைத்தவர் டீச்சரம்மா. அவரிடம் பயிற்சி பெற்றவர்களில் நானும் ஒருவர். இப்போது நான் எழுதிய 'படிப்புக் குறைபாடு' என்ற சொல்லை அவர் பார்த்தால் உடனே அடித்துவிடுவார். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்தத் தடுமாற்றத்துக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் டிஸ்லெக்சியா. முதலில் அந்தச் சொல்லின் பிறப்பு. 'டிஸ்' என்ற கிரேக்க முன்னொட்டுக்குக் கடினம், கேடு என்று பொருள். நாம் பேசும் துர்பாக்கியம், துர்நாற்றம் ஆகியவற்றில் உள்ள வடமொழித் 'துர்' அதற்கு உடன்பிறப்பு. கிடைப்பதற்குக் கடினமானது துர்லபம் என்பதில் அந்தக் கடினப் பொருள் இன்னும் தெளிவாகத் தெரியும். 'லெக்சிஸ்' என்றால் கிரேக்கத்தில் சொல், பேச்சு. இரண்டையும் சேர்த்து 1880களில் இந்தப் பெயரை வைத்தவர் ருடால்ஃப் பெர்லின், ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரத்துக் கண் மருத்துவர். மூளையில் பாதிப்பு ஏற்பட்டு வாசிக்கும் திறனை இழந்த பெரியவர்களைப் பற்றித்தான் அவர் எழுதினார், பிள்ளைகளைப் பற்றி அல்ல.

பிள்ளைகள் பக்கம் பார்வை திரும்பியது 1896இல். இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற பதினான்கு வயதுப் பையனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். கெட்டிக்காரப் பையன். ஆனால் தன் பெயரையே 'ப்ரெசி' என்று எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுக்க வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதலாவது என்று அவனுடைய ஆசிரியரே சொன்னாராம். குடியாத்தத்துப் பையன் தறியைப் பற்றிப் பேசிய பத்து நிமிடத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அன்றைக்கு இதற்குச் 'சொற்குருடு' என்றே பெயர். கண் மருத்துவர்களும் இதை ஆராய்ந்ததால் பழி கண்ணின் மேல் விழுந்தது. இன்றும் எத்தனையோ பெற்றோர் முதலில் கண் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுகிறார்கள். கண்ணைச் சோதிப்பது நல்லதுதான், சோதித்துவிட வேண்டும். ஆனால் இந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் ஒலியில் இருக்கிறது. காதில் விழும் சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய எழுத்தோடு சட்டென்று இணைக்கும் வேலை மூளையில் தாமதமாக நடக்கிறது. அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பரம்பரையாக வருவதும் உண்டு. பையனைக் கூட்டிவரும் அப்பாக்கள், "நானும் இப்படித்தான் இருந்தேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்வதை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம்.

சரி, தமிழில் இதை என்னவென்று சொல்வது?

'படி' என்ற நம் சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. நாளிதழ் படிப்பதும் படிப்பு, பத்தாவது படிப்பதும் படிப்பு. எழுத்தைப் பார்த்து ஒலிப்பதற்கும் கல்வி கற்பதற்கும் ஒரே சொல். அதனால் ஒரு பிள்ளைக்கு முதலாவது வரவில்லை என்றால், இரண்டாவதும் வராது என்று நம் வாயே தீர்ப்பு எழுதிவிடுகிறது. 'படிப்பு ஏறல' என்று சொன்ன அந்த அம்மா பொய் சொல்லவில்லை. மொழி அவருக்குக் கொடுத்தது அந்த ஒரு சொல்தான். அடுத்து 'மக்கு', 'மண்டு' என்று வந்து சேர்ந்துவிடும்.

அரசு ஆவணங்களில் 'கற்றல் குறைபாடு' என்று இருக்கும். 1963இல் அமெரிக்காவில் சாமுவேல் கிர்க் பரப்பிய தொடரின் தமிழாக்கம் அது. வாசிப்பு, எழுத்து, கணக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கும் பொதுப்பெயர். டிஸ்லெக்சியா அதில் ஒரு வகை மட்டுமே. நம் நாட்டின் 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் இருந்த ஏழு வகைகளில் இதற்கு இடமே இல்லை. 2016ஆம் ஆண்டு சட்டம் அதை 21 ஆக்கியபோதுதான் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உள்ளே வந்தது. சான்றிதழுக்கும், பொதுத்தேர்வில் கூடுதல் நேரத்துக்கும், சொல்வதை எழுதுபவருக்கும் விண்ணப்பிக்க அந்தப் பெயர்தான் வேண்டும். அங்கே அதை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய பெயர் அது இல்லை. தறியைக் கற்றுக்கொண்டவனிடம் கற்றலில் குறை என்று எப்படிச் சொல்வது?

'எழுத்து மயக்கம்' எனக்கு ஒரு காலத்தில் பிடித்திருந்தது. லகர ளகர ழகரத்தை மயங்கொலிகள் என்று இலக்கணம் சொல்கிறதே, அந்த மயக்கம். ஆனால் ஊரில் மயக்கம் என்றால் தலைசுற்றிக் கீழே விழுவதுதான். ஒரு பாட்டி, "வெயில்ல சாப்பிடாம போனா வருமே, அதுவா?" என்று கேட்டார். அத்தோடு அதை விட்டுவிட்டேன்.

மயங்கொலி என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பேச்சில் பழம் 'பயம்' ஆகும். 'வாயப்பயம்' என்று ஒரு பிள்ளை நோட்டில் எழுதினால், அது காதால் கேட்டதைச் சரியாகவே எழுதியிருக்கிறது. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டில் உருது பேசும் பிள்ளைகளும், குடியாத்தம் பக்கம் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் தமிழ் எழுத்தில் செய்யும் பிழைகளுக்கு வேறு காரணம் இருக்கலாம். இதையெல்லாம் பிரித்துப் பார்க்காமல் டிஸ்லெக்சியா என்று முத்திரை குத்தக் கூடாது. பயிற்சியில் டீச்சரம்மா அதிக நேரம் செலவிட்டது இதற்குத்தான்.

அந்தப் பயிற்சிகளில் ஒரு நாளை மறக்க முடியாது. ஆசிரியர்கள் நாற்பது பேர் இருந்தோம். ஒரு தாளைக் கொடுத்தார். "'க' வந்தால் 'த' என்று வாசியுங்கள். 'ம' வந்தால் 'ன' என்று வாசியுங்கள்" என்று இப்படி ஏழெட்டு விதி. ஒவ்வொருவராக முன்னால் வந்து சத்தமாக வாசிக்க வேண்டும். "சீக்கிரம், சீக்கிரம்! இதுகூடவா தெரியல?" என்று மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். இருபது வருட அனுபவமுள்ள ஒரு தலைமையாசிரியர் மூன்றாவது வரியில் குரல் அடைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். டீச்சரம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "சார், உங்களுக்குப் படிப்பு ஏறலையா?" யாரும் பேசவில்லை. நான் என் வகுப்பில் ஒருவனின் மதிப்பெண் அட்டையில் 'சோம்பல்' என்று எழுதியது அப்போது நினைவுக்கு வந்தது. இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

அன்று அவர் கரும்பலகையில் எழுதிய சொல் 'வாசிப்புத் தடுமாற்றம்'. எங்கள் பேச்சில் வாசிப்பதற்குக் கல்வி என்ற பொருள் இல்லை. 'இன்ஜினியரிங் வாசிக்கிறான்' என்று இங்கே யாரும் சொல்வதில்லை. வாக்கு என்பதோடு தொடர்புள்ள வடமொழி வேரிலிருந்து வந்த சொல் அது. அங்கே அதற்குப் 'பேச வைத்தல்' என்று பொருள். எழுத்தைப் பேச வைப்பது வாசிப்பு. இந்தப் பிள்ளைகளுக்கு வராததும் மிகச் சரியாக அதுதான். தடுமாற்றத்தையும் யாரும் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. 'தட்டுத்தடுமாறி வாசிக்கிறான்' என்று ஊரே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. தடுமாறுகிறவன் நடந்துகொண்டிருக்கிறான், அவனுக்குக் கை கொடுக்கலாம்.

டீச்சரம்மா கொடுத்த கை ஒரு மரத்தட்டு. அதில் சலித்த பாலாற்று மணல். எழுத்தை விரலால் மணலில் எழுதி, அதன் ஒலியை வாய்விட்டுச் சொல்லி, கண்ணால் பார்ப்பது. கண், காது, வாய், விரல் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். 1920களுக்குப் பிறகு அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்ஹாமும் வளர்த்த பல்புலன் முறையின் சாரம் இதுதான். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் பிள்ளைகள் மணலில்தான் எழுதினார்கள். மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இந்தத் தடுமாற்றம் முழுக்க மறைந்துவிடும் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. ஆனால் வாசிப்பு வந்துவிடும்.

குடியாத்தத்துப் பையன் அன்று மணலில் முதலில் 'ர' எழுதினான். பக்கத்தில் ஒரு கால் போட்டான். இரண்டையும் விரலால் மாறி மாறித் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு அடியில ஒரு வால் இருக்கு, இதுக்கு இல்ல" என்றான். கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று போனில் வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். "அவனுக்குப் படிப்பெல்லாம் ஏறுமாம். வாசிக்கிறதுலதான் தடுமாற்றமாம். அடுத்த சனிக்கிழமை நீயும் வா."