அடிக்‌ஷன்: ‘இணைய அடிமை’ என்பது சரியான சொல்தானா?

இலத்தீனில் ‘அட்டிகேரே’ என்றால் தீர்ப்புச் சொல்லி ஒருவரை இன்னொருவர் வசம் ஒப்படைப்பது. பண்டைய ரோமில் கடனை அடைக்க முடியாதவனைக் கடன் கொடுத்தவனிடமே நீதிமன்றம் ஒப்படைக்கும். அப்படிப் போனவன் ‘அட்டிக்டஸ்’. ‘அடிக்‌ஷன்’ அதிலிருந்து வந்தது. ஆகவே தமிழில் ‘அடிமை’ என்று பெயர்த்தது வேர்ப்பொருளுக்கு நெருக்கம்தான். ஒலி ஒத்திருப்பது தற்செயல். நம் சொல் பாதத்தைக் குறிக்கும் ‘அடி’யிலிருந்து பிறந்தது.

சிக்கல் அதைப் பிள்ளைகள்மேல் ஒட்டும்போது வருகிறது. ‘நீ அடிமை’ என்றால் பழக்கத்தைச் சொல்லவில்லை, ஆளையே சொல்கிறோம். பதினான்கு வயதில் அந்தப் பெயர் சட்டென ஒட்டிக்கொள்ளும்.

மருத்துவமும் இந்தச் சொல்லில் நிதானமாகவே இருக்கிறது. ‘இணைய அடிமைக் கோளாறு’ என்ற பெயரை 1995-இல் நியூயார்க் மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பர்க் கேலிக்காகத்தான் எழுதினார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடைமுறையில் உள்ள 11-ஆம் பதிப்பில், இடம்பெற்றது ‘இணைய அடிமை’ அல்ல; கணினி, கைபேசி ஆட்டங்களைக் குறிக்கும் ‘விளையாட்டுக் கோளாறு’ (கேமிங் டிஸார்டர்). நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம், கெடுதல் கண்முன் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் பொதுவாக 12 மாதம் நீடிக்க வேண்டும். மணிக்கணக்கு அளவுகோலில் இல்லை. பரீட்சை முடிந்த வாரத்தில் நாளுக்கு ஐந்து மணி நேரம் ஆடுவது நோயல்ல.

ஆய்வாளர்கள் பலர் ‘ப்ராப்ளமேட்டிக் இன்டர்நெட் யூஸ்’ என்கிறார்கள். இதைச் ‘சிக்கலான இணையப் பயன்பாடு’ என்று பெயர்த்தால், பயன்படுத்தக் கடினமான இணையம் என்று பொருள் திரிகிறது. ‘கட்டற்ற இணையப் பயன்பாடு’ என்னலாமென்றால், ‘கட்டற்ற’ என்பதை மென்பொருள்காரர்கள் ‘சுதந்திரமான’ என்ற நல்ல பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எங்கள் பரிந்துரை ‘கைமீறிய இணையப் பயன்பாடு’. கட்டுப்பாடு போனதை அது சொல்கிறது. கைமீறியதைத் திரும்பக் கைக்குக் கொண்டுவரலாம் என்ற இடமும் அதில் உண்டு.

பெயரை மாற்றினால் கேள்வியும் மாறும். ‘எவ்வளவு நேரம்?’ என்பதற்குப் பதில் ‘எப்போது கைமீறுகிறது?’ என்று கேட்போம். இரண்டு வாரம் பிள்ளையே குறித்து வரட்டும்: கைபேசியை எத்தனை மணிக்கு எடுத்தது, எடுக்கும்முன் மனம் எப்படி இருந்தது. இரவு பதினொன்றுக்குப் பிறகும் தனிமையிலும் குறிப்புகள் குவிந்தால், முதலில் பார்க்க வேண்டியவை தூக்கமும் மனச்சோர்வும். பதின்ம வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவில் கைபேசி வேறு அறையில் சார்ஜ் ஆகட்டும். ஒரேயடியாகப் பிடுங்கினால் பெரும்பாலும் சண்டையும் ஒளிவுமறைவும்தான் மிஞ்சும், ஏனென்றால் பல பிள்ளைகளின் நட்பு வட்டமே அதற்குள் இருக்கிறது.

மருத்துவரிடம் பேசும்போதும் ‘அடிக்ட் ஆயிட்டான்’ என்பதை விட்டு, ‘ராத்திரி போன் அவன் கைமீறிப் போகுது’ என்று சொல்லுங்கள். எந்த நேரம், எது கெடுகிறது என்ற அடுத்த கேள்விக்கு அவர் நேராகப் போய்விடுவார்.