பவுடர் கோட்டிங் முடிந்த ஃப்ரேமை அப்படியே பூட்டிவிடாதீர்கள்

பவுடர் கோட்டிங் முடிந்து பைக் ஃப்ரேம் பளபளவென்று வந்து இறங்கியதும், அன்றைக்கே எஞ்சினை ஏற்றிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். புதுப்பித்த பழைய வண்டிகள் எங்கள் பட்டறைக்கு வரும்போது கேட்கும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: ஹேண்டில் ஆடுகிறது, ஹார்ன் விட்டுவிட்டு அடிக்கிறது, எஞ்சின் போல்ட் தானாகத் தளர்கிறது. பிரித்துப் பார்த்தால், பல நேரம் இரும்பும் இரும்பும் தொட வேண்டிய இடத்தில் கோட்டிங் உட்கார்ந்திருக்கும்.

பவுடர் கோட்டிங்கைப் பெயிண்ட் மாதிரி நினைப்பதுதான் சிக்கல். ஒரு கோட் பொதுவாக 60 முதல் 100 மைக்ரான் கனம் வரும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் உருகி இறுகிய பிளாஸ்டிக் அது. அதில் கரண்ட் பாயாது.

ஆனால் கோட்டிங்கைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது மணல். கோட்டிங்குக்கு முன் பழைய பெயிண்டை எடுக்க மணலை வேகமாக அடித்து பிளாஸ்டிங் செய்தபோது புகுந்த துகள்கள் குழாய்களுக்குள்ளும், மூலைகளிலும், போல்ட் துளைகளிலும் தங்கியிருக்கும். ஃப்ரேமைப் பல பக்கமும் புரட்டி, ரப்பர் சுத்தியலால் தட்டி, காற்றடியுங்கள். இனி வராது என்று நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் கொட்டும். யமஹா எக்ஸ்டி 500, எஸ்ஆர் 500 போல ஃப்ரேம் குழாயிலேயே எஞ்சின் ஆயில் நிற்கும் வண்டி என்றால் இந்த வேலையில் சமரசமே கூடாது. அங்கே தங்கும் மணல் ஆயிலோடு சேர்ந்து நேராக எஞ்சினுக்குள் போகும். என்னைக் கேட்டால், அப்படிப்பட்ட ஃப்ரேமின் ஆயில் வழிகளை முழுக்க அடைக்காமல் பிளாஸ்டிங்கிற்கே அனுப்பக் கூடாது.

அடுத்து கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங்குகள், உட்காரும் ஹெட் குழாய். உள்சுவரில் 80 மைக்ரான் கோட்டிங் இருந்தால் விட்டம் 0.16 மில்லிமீட்டர் குறைந்துவிடும். பேரிங் கப் இறுக்கமாக இறங்குவதற்கு விட்டிருக்கும் அளவோ மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். கோட்டிங்கின் மேலேயே வைத்து அடித்து இறக்கினால் கப் சாய்ந்து உட்காரும். இல்லையென்றால் அடியில் கோட்டிங் நசுங்கி, ஓட ஓட ஆட்டம் வரும். வெறும் இரும்பு தெரியும்வரை கோட்டிங்கை எடுக்க வேண்டும், ஆனால் இரும்பைத் தேய்க்கக் கூடாது. எடுக்க வேண்டிய எல்லையில் முதலில் கூர்மையான கத்தியால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். அப்படிக் கீறாமல் சுரண்டினால், தேவையான இடத்திலும் கோட்டிங் சில்லுச் சில்லாகப் பெயரும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் உட்காரும் இடத்துக்கும் இதே முறைதான்.

எஞ்சினை ஃப்ரேமோடு பூட்டும் எஞ்சின் மவுண்ட்டில் கணக்கைப் பாருங்கள். ஃப்ரேம் காது (போல்ட் துளை உள்ள தகடு) இரண்டு பக்கம், அதன் மேல் வரும் பிளேட் இரண்டு பக்கம், ஆக நான்கு அடுக்கு, ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக். போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் சூட்டிலும் அதிர்விலும் அது நசுங்கி இறுக்கம் போய்விடும். வாஷர் உட்காரும் வட்டத்திலும், காதும் பிளேட்டும் சேரும் முகத்திலும் கோட்டிங்கை எடுத்துவிட்டு, மெல்லிய கிரீஸ் பூசிப் பூட்டுங்கள், துரு பிடிக்காது.

மரைகளில் புகுந்த கோட்டிங்கை எடுக்கச் சரியான பிட்ச் (மரை வரிகளின் இடைவெளி) உள்ள டேப், அதாவது மரை வெட்டும் கருவி, வேண்டும். எம்10 போல்ட்டில் 1.25 பிட்சும் வரும், 1.5-ம் வரும், மாற்றி விட்டால் மரை காலி. டேப்பைக் கையால் மட்டும் சுற்றுங்கள், சுற்றக் கனமாக இருந்தால் நிறுத்திவிட்டுப் பின்னால் திருப்புங்கள். அப்புறம் ஒவ்வொரு போல்ட்டும் விரலால் கடைசிவரை இறங்குகிறதா என்று பார்த்துவிடலாம்.

எர்த் வயர் மாட்டும் இடத்தைப் பளிச்சென்று தேய்த்து, மாட்டிய பிறகு மேலே வாஸலின் பூசுங்கள். மீட்டரை எடுத்து பேட்டரி நெகட்டிவிலிருந்து ஃப்ரேமுக்கு ஓம் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். சேசிஸ் எண் கோட்டிங்குக்குள் மூழ்காமல் படிக்கும்படி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

எஞ்சினை ஏற்றும்போது கீறல் விழுவதைத் தவிர்க்க எளிய வழி, எஞ்சினை மெத்தையில் சாய்த்துப் படுக்கவைத்து, ஃப்ரேமை அதன் மேல் இறக்குவதுதான். குழாய்களில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். கீறல் விழுந்தால் அன்றே டச்-அப் செய்துவிடுங்கள், இல்லையென்றால் துரு கோட்டிங்குக்கு அடியிலேயே ஊர்ந்து போகும்.

முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு, எஞ்சின் ஆறியதும், மவுண்ட் போல்ட்களையும் கோன் செட்டையும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பாருங்கள். ஏதாவது போல்ட் ஒவ்வொரு முறையும் கால் சுற்று கேட்டால், பெரும்பாலும் அதன் அடியில் இன்னும் கோட்டிங் இருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும்.