காய்ந்த மாதிரி இருக்கும் சுவர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மதியம் மூன்று மணிக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் எழுந்த தாமானில், அதாவது குடியிருப்பில், எங்கள் வீடு. கூரையில் பாதி ஓடுதான் ஏறியிருந்தது. அதற்குள் அவசரப்பட்டு உள்ளே ஜிப்சம் பலகையில் தடுப்புச் சுவர் அடித்துவிட்டார்கள். அக்டோபர் மழை விடுமா? நான்கு நாள் கழித்து, குத்தகையாளர் நெஞ்சுயரத்தில் சுவரைத் தடவிப் பார்த்து, "காஞ்சிருச்சி அண்ணே, சாயம் அடிச்சிரலாம்" என்றார். நான் குனிந்து தரையோரத்தில் கட்டைவிரலை அழுத்தினேன். தேநீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி உள்ளே போனது.

ஜிப்சத்துக்குத் தண்ணீர் புதிதல்ல. அதன் படிகத்துக்குள்ளேயே தண்ணீர் பிணைந்திருக்கிறது, எடையில் ஏறக்குறைய 21 விழுக்காடு. 25 கிலோ பலகை ஒன்றைத் தூக்குகிறவர் ஐந்து லிட்டர் தண்ணீரையும் சேர்த்தே தூக்குகிறார். தீப்பிடித்தால் அது ஆவியாகி வெளியேறும்வரை சுவர் சூட்டைத் தாங்கி நிற்கும். அந்தத் தண்ணீரால் நன்மைதான். வம்பு செய்வது மழைத் தண்ணீர்.

பலகையின் உள்ளே ஊசி ஊசியான படிகங்கள் பின்னிக் கிடக்கின்றன, நடுவே நுண்துளைகள். தரையில் தேங்கிய நீரில் விளிம்பு பட்டால் போதும், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் மேலே இழுத்துக்கொள்ளும். படிகங்களுக்கிடையே நீர் புகுந்ததும் பிடி தளர்கிறது; நன்றாக ஊறிய ஜிப்சத்துக்குக் காய்ந்ததன் வலுவில் பாதிதான் மிஞ்சும். பொத்துப்போகாமல், வளையாமல் இருந்தால், காய்ந்தபின் பெரும்பாலும் வலு திரும்பிவிடும். ஆகவே குத்தகையாளர் சொன்னது முழுப்பொய் இல்லை.

சிக்கல் காகிதத்தில். இரு பக்கமும் ஒட்டியிருப்பது மரக்கூழ். பலகையோடு அதைப் பிடித்து வைப்பதில் மாவுச்சத்துக்கும் பங்குண்டு. பூஞ்சைக்கு இதைவிட நல்ல பசியாறல் ஏது? ஈரம் 24 முதல் 48 மணி நேரம் நின்றாலே முளைக்கத் தொடங்கலாம், அதுவும் காற்றுப் புகாத பின்பக்கத்தில். மேலே சாயம் அடித்தால் ஈரம் வெளியேறும் வழியையும் அடைத்த மாதிரி.

சன்னலைத் திறந்து வைத்தால் காயாதா? நம் ஊர்க் காற்றிலேயே ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. அது இன்னும் எவ்வளவு ஈரத்தை வாங்கிக்கொள்ளும்? அறையை மூடி, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தோடு காற்றாடியையும் ஓடவிடுவதே மேல். அதற்காக அனல் மூட்டக்கூடாது. 52 டிகிரிக்கு மேல் நெடுநேரம் சூடேறினால் படிகத்துத் தண்ணீரே கழன்று, பலகை மாவாக உதிரும்.

தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு அறுத்தெடுத்தோம். திருப்பிப் பார்த்தால் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள், நனைந்த சாக்கு வாடை. குத்தகையாளர் ஒன்றும் பேசவில்லை. சீலிங்கில் தொய்ந்த இரண்டு பலகைகளையும் கழற்றச் சொன்னேன், தொய்ந்தது நிமிராது. புதுத்துண்டுகளைத் தரையில் முட்டவிடாமல் விரல் பருமன் இடைவெளி விட்டு அடித்தார்கள். குளியலறைக்குப் பச்சைக் காகித ரகம் வாங்கினோம். அது ஈரக்காற்றைத் தாங்கும், மழையை அல்ல. அதனால் ஓடு முழுவதும் ஏறிய பிறகே லாரியை வரச்சொன்னேன். இறக்கியதும் கட்டைகளின் மேல்தான்.