மன்றோ கோட்பாடு: சொன்னது என்ன, நடந்தது என்ன

கோட்பாடு என்று பெயர் இருந்தாலும் இது சட்டம் இல்லை, யாரோடும் போட்ட ஒப்பந்தமும் இல்லை. 1823 டிசம்பர் 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் மன்றோ காங்கிரசுக்கு அனுப்பிய ஆண்டு உரையில் வரும் சில பத்திகள்தான். எழுதியதில் பெரும்பங்கு வெளியுறவு அமைச்சர் ஜான் குவின்சி ஆடம்சுக்கு.

அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பிய அரசுகள் இனிமேல் புதிதாகக் காலனி அமைக்கக் கூடாது. விடுதலை பெற்ற நாடுகளை மறுபடி அடக்க வந்தால் அதைப் பகைமைச் செயலாகவே பார்ப்போம் என்கிறது உரை. பதிலுக்கு, ஐரோப்பியச் சண்டைகளில் தலையிட மாட்டோம், ஏற்கெனவே இருக்கும் காலனிகளைத் தொட மாட்டோம் என்றும் சொல்கிறது. இந்தக் கடைசி வரியைப் பலர் கவனிப்பதில்லை. கியூபா அதற்குப் பிறகும் 1898 வரை ஸ்பெயினிடம்தான் இருந்தது.

ஸ்பெயினிடமிருந்து மெக்சிகோவும் கொலம்பியாவும் அப்போதுதான் விடுபட்டிருந்தன. ஸ்பெயின் திரும்பி வருமோ என்ற பயம் ஒரு பக்கம், வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் ரஷ்யா உரிமை கோரியது இன்னொரு பக்கம். சேர்ந்து அறிவிப்போம் என்று பிரிட்டன் கூப்பிட்டது, ஆடம்ஸ் சம்மதிக்கவில்லை. ஆனால் அறிவிப்பைக் காப்பாற்றும் அளவுக்கு அமெரிக்காவிடம் கடற்படை இல்லை. 1833-ல் பிரிட்டனே தென் அமெரிக்காவை ஒட்டிய பால்க்லாந்து தீவுகளை எடுத்துக்கொண்டபோது அமெரிக்கா தடுக்கவில்லை. 1860-களில் பிரான்ஸ் மெக்சிகோவில் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனைப் பேரரசராக உட்கார வைத்தது. வாஷிங்டனின் நெருக்குதலும் இருந்தது என்றாலும், ரத்தம் சிந்திப் போராடி 1867-ல் அவரை வீழ்த்தியவர்கள் மெக்சிகர்கள். அந்தப் பெருமையை அவர்களிடமிருந்து பறிக்கக் கூடாது.

அப்புறம் 1904-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இதோடு ஒரு பின்னிணைப்பைச் சேர்த்தார். அண்டை நாடு கடனைக் கட்டாமல் நிலைகுலைந்தால், ஐரோப்பா வருவதற்கு முன் நாங்களே போவோம் என்பது அதன் சாரம். என்னை உறுத்துவது இந்த இடம்தான். அடுத்த ஆண்டே கரீபியன் தீவு நாடான டொமினிக்கன் குடியரசின் துறைமுகச் சுங்க அலுவலகங்கள் அமெரிக்க அதிகாரிகள் கைக்குப் போயின. துறைமுகத்தில் வசூலான வரியில் 45 சதவீதம் அந்த நாட்டு அரசுக்கு, மீதி 55 கடன்காரர்களுக்கும் வசூல் செலவுக்கும். தன் துறைமுகத்து வரியில் பாதிகூட அந்த நாட்டுக்கு மிஞ்சவில்லை. 1915-ல் ஹெய்டியில் இறங்கிய அமெரிக்கப் படை 1934-ல்தான் வெளியேறியது. காலனி வேண்டாம் என்று எழுதிய உரையின் பேரைச் சொல்லித்தான் இத்தனையும் நடந்தது.

நம் பக்கமும் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. 1955-ல் கோவா பற்றி மக்களவையில் பேசிய நேரு, மன்றோவின் இந்த அறிவிப்பை எடுத்துக்காட்டி, கோவாவில் போர்ச்சுகல் நீடிப்பதே இந்தியாவின் அரசியல் முறையில் தலையிடுவதுதான் என்று வாதிட்டார். போர்ச்சுகீசியர் கோவாவை விட்டுப் போனது 1961 டிசம்பரில்.